பக்கத்தில் யார் நிற்பார்கள்?

அஜ்மான்
4 நவம்பர் 2023

ரிஃபானா,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்றிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், நீ கட் செய்துகொண்டிருக்கிறாய். முந்தாநாள் போனில் நான் கத்தியது தப்புதான். நீயும் சும்மா இருக்கவில்லை. நாம் பேசினால் சண்டையில்தான் முடியும் என்பதால் மெயில் எழுதுகிறேன். இதையாவது கடைசி வரை படி.

வியாழக்கிழமை காலை ஷிஃப்டில் இரண்டாம் நம்பர் சீலிங் மெஷினில் உன் கட்டை உடைந்துவிட்டது. சாப்பாட்டுப் பொட்டலத்தின் வாயைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் மெஷின் அது. ஹீட்டர் பட்டையைத் தாங்கிப் பிடிப்பது நீ காரைக்காலில் கடைந்து அனுப்பிய பிளாஸ்டிக் கட்டை. கட்டை உடைந்ததும் பட்டை சரிந்து, பொட்டலத்தை எடுக்கப் போன ஆளின் வலது கையில் விழுந்தது. அந்த ஆள் மாறன். மண்டபத்தூர் மாறன். நான்தான் அவனுக்கு விசா வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தேன். உள்ளங்கையும் இரண்டு விரலும் வெந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

இங்கே விசாரணை தொடங்கிவிட்டது. இந்தப் பிரிவின் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் நான். உன்னிடம் வாங்கலாம் என்று கையெழுத்துப் போட்டவனும் நான். அதனால் கேட்கிறேன், கோபப்படாமல் பதில் சொல். என்ன சரக்கு போட்டாய்? 250 டிகிரி தாங்க வேண்டும் என்று நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? ராடு கிடைக்கவில்லை என்றோ விலை கட்டவில்லை என்றோ நைலான் மாதிரி ஏதாவது போட்டுவிட்டாயா? போட்டிருந்தால் இப்போதே சொல்லிவிடு. நான் சமாளித்துக்கொள்கிறேன்.

உன் நானா,
சஃபியுல்லா


காரைக்கால்
5 நவம்பர் 2023

நானா,

வ அலைக்கும் ஸலாம். மாறன் எப்படி இருக்கிறார்? அதை முதலில் எழுதுங்கள். இரண்டு விரல் என்றால் எந்த விரல்கள்? திரும்ப மடங்குமா? நேற்று முழுக்க லேத்தைத் தொடவே எனக்குக் கை வரவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நைலானா? இரண்டு வருஷம் தங்கச்சியோடு பேசாமல் இருந்த மனுஷர், திட்டுவதற்குக் கண்டுபிடித்த வார்த்தை இதுதானா? நைலானைச் சூட்டுக் கட்டைக்குப் போடுகிறவளாக இருந்தால் இந்த லேத் ஷெட்டை என்றைக்கோ உங்கள் ஆசைப்படி லாட்ஜ் கட்டக் கொடுத்துவிட்டு, திருநள்ளாறு வருகிறவர்களுக்கு ரூம் சாவி நீட்டிக்கொண்டிருப்பேன்.

என்ன போட்டேன், ஏன் போட்டேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வேலைக்கு மூன்று சரக்கைப் பார்த்தேன். முதலாவது பி.பி.எஸ். உங்கள் பட்டை ஓடுவது 220 டிகிரியில். அந்தச் சூட்டில் அது விளிம்பில்தான் நிற்கும், ஆகவே வேண்டாம் என்று வைத்துவிட்டேன். இரண்டாவது பீக். நல்ல சரக்கு, 250 வரை தாங்கும். ஆனால் நூற்றைம்பதைத் தாண்டினால் விறைப்புக் குறைந்து கொஞ்சம் நெகிழும். கனமான பட்டையை நாள்கணக்கில் தூக்கிக்கொண்டு நின்றால் தொங்கிப்போகுமோ என்று பயந்தேன். மூன்றாவது பாலிஅமைடு-இமைடு. கடையில் பி.ஏ.ஐ. என்போம். 250 டிகிரியிலும் முறைத்துக்கொண்டு நிற்கும். மூன்றிலும் விலை கூடியது அதுதான். அதைத்தான் போட்டேன். மிச்ச ராடு இன்னும் ஷெல்ஃபில் இருக்கிறது. மஞ்சள் கலந்த பழுப்பு. நைலானாகத் தெரிந்தால் கண் டாக்டரைப் பாருங்கள்.

என் கட்டை ஏன் உடைந்தது என்பது உங்களைவிட எனக்குத்தான் தெரிந்தாக வேண்டும். அதனால் இரண்டு கேள்வி கேட்கிறேன். உருகி வளைந்து போனதா, வெடித்து உடைந்ததா? மெஷினை எதால் கழுவுகிறீர்கள்? உடைந்த துண்டை எப்படியாவது எனக்கு அனுப்புங்கள்.

ரிஃபானா


அஜ்மான்
9 நவம்பர் 2023

அன்புத் தங்கச்சி ரிஃபானாவுக்கு,

நைலான் என்று எழுதியதற்கு மன்னித்துக்கொள். பதறிப்போயிருந்தேன். மாறனுக்கு நடுவிரலும் மோதிர விரலும்தான். தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்திருக்கிறார்கள். மடங்குமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

துண்டு வெடித்துத்தான் உடைந்திருக்கிறது. ஒரு பாதியை சேஃப்டி அதிகாரி எடுத்துப் பூட்டிவிட்டார். மறுபாதி என்னிடம் இருக்கிறது. நம் தெரு நாகூர் மீரான் சனிக்கிழமை திருச்சிக்கு வருகிறார். பேரீச்சம்பழப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிடுகிறேன். மற்றபடி மெஷின் ஓடுவதெல்லாம் வழக்கம்போல்தான்.

இப்போது ஒரு விஷயம். எப்படி எழுதுவதென்று மூன்று நாளாக யோசித்தேன். இருபத்தொன்றாம் தேதி ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். இவர்கள் எழுத நினைப்பது இதுதான்: மெஷின் ஓடும்போது மாறன் விதியை மீறிக் கையை உள்ளே விட்டான். அப்படி எழுதிவிட்டால் அவனுக்கு நஷ்டஈடு கிடையாது. கட்டுப் பிரித்ததும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மாறன் தப்பு இல்லையென்றால் வேறு யாருடைய தப்பு என்று கேட்பார்கள். உன்னைத் தேர்ந்தெடுத்த என் தப்பு என்றால் என் வேலை போய்விடும்.

நீ ஒரு கடிதம் கொடுத்தால் போதும். உன் ஷெட்டில் இரண்டு ராடு இருந்ததாகவும், தவறுதலாக வேறு சரக்கு மாறிப் போய்விட்டதாகவும் நான்கு வரி எழுது. மாறனுக்குப் பணம் வரும், எனக்கு வேலை இருக்கும். உனக்கு இந்தக் கம்பெனி ஆர்டர் மட்டும்தான் போகும். காரைக்காலில் உன் வாடிக்கைக்காரர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியப்போகிறது? நீ என் தங்கச்சி என்பது இங்கே யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. ஆகவே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை, ரிஃபானா.

உன் நானா


காரைக்கால்
14 நவம்பர் 2023

நானா,

மீரான் காக்கா பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். பேரீச்சம்பழம் உம்மாவுக்கு, துண்டு எனக்கு. மூன்று நாளாக விடாத மழை. ஷெட்டின் பின்பக்கம் தண்ணீர் நிற்கிறது. நான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சூடு தாங்காமல் போன பிளாஸ்டிக் ஓரமெல்லாம் மழுங்கி, இளகிச் சரிந்திருக்கும். இது பிஸ்கட் மாதிரி பட்டென்று உடைந்திருக்கிறது. உடைந்த முகத்தில் சாம்பல் பூத்ததுபோல ஒரு வெளுப்பு. மேல் தோலில் கொப்புளம். அந்தக் கொப்புளத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இந்தச் சரக்குக்குச் சூடு மட்டும் பகையில்லை. ஈரம் மட்டும் என்றாலும் சமாளிக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் பகை. உள்ளே ஊறிய ஈரம் திடீர்ச் சூட்டில் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே வெடிக்கும்.

மிச்ச ராடிலிருந்து இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்று ஷெட்டில் உள்ள ஓவனில் காய்ந்த சூட்டில் கிடக்கிறது. இன்னொன்று நம் வீட்டுப் பழைய ஸ்டீல் குக்கரில். காலை முழுக்க ஆவியில் வேகவிட்டு, எடுத்த சூட்டோடு ஓவனில் போடுகிறேன். சாயங்காலம் மறுபடி குக்கர். உம்மா அடுப்படியில் நின்று, "ஏன்டி, இந்தக் கட்டைய வேக வச்சு யாருக்குடி ஆணம் காய்ச்சப் போறே?" என்று கேட்டார்கள். நல்ல வேளை, வீட்டில் சிரிக்க ஒரு ஆளாவது இருக்கிறது.

நீங்கள் கேட்ட கடிதத்தையும் உம்மாவிடம் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. "அவன் வேல போச்சுன்னா என்ன பண்ணுவான்? நாலு வரிதானே, எழுதிக் குடுத்துத் தொலையேன்" என்றார்கள். அப்புறம் தொழுகைப் பாயில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நான் கம்ப்யூட்டரில் அந்த நான்கு வரியை அடித்தேன், நானா. அடித்து வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. அனுப்ப மாட்டேன் என்றும் இன்று சொல்ல முடியவில்லை. மாறனின் கை ஒரு பக்கம் இழுக்கிறது, இந்த ஷெட் ஒரு பக்கம் இழுக்கிறது. சரக்கை மாற்றிப் போட்டேன் என்று நானே கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்புறம் யாருக்குக் கடைந்து கொடுத்தாலும் இது சரியான சரக்குதானா என்று எனக்கே சந்தேகம் வரும்.

நான் கேட்ட கேள்வியை மென்று முழுங்கிவிட்டீர்கள். மறுபடி கேட்கிறேன். மெஷினை எதால் கழுவுகிறீர்கள்?

ரிஃபானா


அஜ்மான்
16 நவம்பர் 2023

ரிஃபானா,

கழுவுவது, துடைப்பது எல்லாம் எல்லா ஃபேக்டரியிலும் நடப்பதுதான். நீ குக்கரில் பிளாஸ்டிக்கை வேகவைத்து விளையாட இது காலேஜ் புராஜெக்ட் இல்லை. இங்கே ஒருவனுக்குக் கை வெந்திருக்கிறது.

இதற்காகத்தான் அன்றைக்கே ஷெட்டை மூடு என்றேன். பொம்பளைப் பிள்ளை லேத்தும் மில்லிங்குமாக நிற்க வேண்டாம், ஒரு பிரச்சினை வந்தால் யார் வந்து நிற்பார்கள் என்றேன். அப்போது நான் எதிரியாகத் தெரிந்தேன். இப்போது பிரச்சினை வந்திருக்கிறது. நிற்பது நான்.

இருபத்தொன்று காலை ரிப்போர்ட். கடிதம் இருபதுக்குள் வர வேண்டும். வேறு கேள்வி வேண்டாம்.

சஃபியுல்லா


காரைக்கால்
18 நவம்பர் 2023

நானா,

இந்த மெயிலைப் படித்து முடிக்கும் முன்பே எழுந்து போய் ஒரு காரியம் செய்யுங்கள். மற்ற மூன்று மெஷினையும் நிறுத்துங்கள். நான் அனுப்பியது நான்கு கட்டை. ஒன்று உடைந்தது. மூன்று இன்னும் பட்டையைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள். நிறுத்திவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

இன்று மழை விட்டது. மண்டபத்தூர் போனேன். மாறனின் மனைவி சந்திரலேகாவைப் பார்க்கத்தான். நீங்கள் போகச் சொல்லவில்லை, ஆனால் போகாமல் இருக்க முடியவில்லை. வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. உட்காரச் சொல்லி டீ கொடுத்தது. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டே, "உங்க வீட்டுக்காரர் கையில விழுந்த பட்டையத் தாங்கிக்கிட்டு இருந்த கட்டைய செஞ்சது நாந்தான்" என்று சொல்லிவிட்டேன். சந்திரலேகா எழுந்து போய் வாசல் வலையைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தது. அப்புறம், "டீ ஆறிடும், குடிங்க" என்றது. நானா, அது நாலு அறை அறைந்திருந்தால்கூட நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

பேச்சுவாக்கில் மெஷினைப் பற்றிக் கேட்டேன். மாறன் தினமும் வீடியோவில் பேசுவாராம், மெஷினைக்கூடக் காட்டியிருக்கிறாராம். "முன்னெல்லாம் துணி வச்சுத் தொடைக்க ஒரு மணி நேரம் ஆவுமாம். நோன்புப் பெருநாளு முடிஞ்சு சஃபி அண்ணன் ஒரு ஆவி மெஷினு கொண்டாந்து வச்சாங்களாம். சோடாத் தண்ணியும் ஆவியுமா அடிச்சா பத்தே நிமிஷந்தான், ஒடனே மெஷின ஓட்டிடுவோம்னு சொல்வாரு. அதுக்கு அண்ணனுக்கு மேடையில கூப்பிட்டுப் பரிசெல்லாம் குடுத்தாங்களாமே, ஒங்ககிட்ட சொல்லலியா?" என்று கேட்டது.

என்னிடம் நீங்கள் சொல்லவில்லை. கேட்டபோதும் சொல்லவில்லை. வாயில் கொழுக்கட்டையா என்று இரண்டு மெயிலாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது புரிகிறது. எதால் கழுவுகிறீர்கள் என்று நான் முதல் மெயிலில் கேட்ட அன்றே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என்னை நான்கு வரி எழுதச் சொன்னீர்கள். நானா, எனக்கு அழுகை வரவில்லை, எரிகிறது.

வீட்டுக்கு வந்து ஓவனைத் திறந்தேன். காய்ந்த சூட்டில் கிடந்த துண்டு போட்டபடியே இருக்கிறது. குக்கருக்கும் ஓவனுக்குமாக அலைந்த துண்டு பொரிந்த அப்பளம் மாதிரி கொப்புளித்துக் கிடக்கிறது. வைஸில் பிடித்து லேசாகத் தட்டினேன். உடைந்துவிட்டது. உள்ளே அதே வெளுப்பு. உங்கள் ஃபேக்டரியில் ஆவியோடு காரத் தண்ணீரும் சேர்கிறது. அது இந்தச் சரக்குக்கு இன்னும் கெடுதல். கழுவின ஈரத்தோடு நேராக 220க்கு ஏற்றினால் எத்தனை நாள் தாங்கும்?

உங்களை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கும் யோக்கியதை இல்லை. வெளி ஆள் யாராவது ஆர்டர் கொடுத்தால் நான் நாலு கேள்வி கேட்காமல் ராடைத் தொடமாட்டேன். எவ்வளவு சூடு? அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம்? எதால் கழுவுவீர்கள்? ஓடும்போது பக்கத்தில் யார் நிற்பார்கள்? நெடுங்காட்டு ரைஸ்மில் முதலாளி புகழேந்திகூடக் கடைசிக் கேள்விக்கு, "நிக்கிறவன் ஜாதகமும் வேணுமா?" என்று கிண்டல் பண்ணுவார். இருந்தாலும் பதில் சொல்லிவிட்டுத்தான் போவார். ஜூன் மாதம் உங்கள் போன் வந்தபோது நான் சூட்டை மட்டும் எழுதிக்கொண்டேன். ஏன் தெரியுமா? இரண்டு வருஷம் கழித்து நானா கூப்பிடுகிறார், இந்த ஷெட்டை நம்பி வேலை கொடுக்கிறார் என்ற சந்தோஷம். நானாவையே குறுக்குக் கேள்வி கேட்பதா என்ற மரியாதை. கேட்டிருந்தால் நீங்கள் பெருமையாகவே ஆவியைப் பற்றிச் சொல்லியிருப்பீர்கள். நானும் பீக்தான் போட்டிருப்பேன். அதற்கு ஆவியும் காரமும் ஒன்றும் செய்யாது.

நாளை மறுநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு உங்கள் கம்பெனிக்கு மெயில் அனுப்புவேன். நான்கு வரி இல்லை, முழுசாக. நான் போட்டது பி.ஏ.ஐ., நல்ல சரக்கு, ஆனால் ஆவியில் கழுவும் இடத்துக்கு உதவாத சரக்கு. கழுவுவது பற்றி நான் கேட்கவில்லை. அது என் தப்பு. மாறன்மேல் தப்பே இல்லை. இரண்டு துண்டின் போட்டோவும் வைப்பேன். நான் உங்கள் தங்கச்சி என்பதையும் எழுதுவேன்.

ஆவியைக் கொண்டுவந்தது யார் என்று எழுத மாட்டேன். அது நீங்கள் சொல்ல வேண்டியது. அதற்குத்தான் இரண்டு நாள். உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ரிஃபானா


காரைக்கால்
20 நவம்பர் 2023

நானா,

மெயில் போய்விட்டது. உங்கள் போன் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கிறது. மச்சியிடம் கேட்டால், புருஷன் எங்கே என்று அவர்களுக்கும் தெரியவில்லை என்கிறார்கள். என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படுங்கள். மெஷினை நிறுத்தினீர்களா?

ரிஃபானா


காரைக்கால்
23 நவம்பர் 2023

நானா, ஒரே ஒரு வரி எழுதுங்கள். உம்மா சாப்பிடவில்லை. மெஷின் நின்றதா, இல்லையா?


அஜ்மான்
3 டிசம்பர் 2023

ரிஃபானா,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவிடம் நேற்று பேசினேன். உன்னிடம் பேச வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மெஷின் நின்றது. நிறுத்தச் சொன்ன உன் மெயிலை அன்றைக்கே கேன்டீனில் வைத்துப் படித்தேன். முதல் பத்தியோடு எழுந்து போனேன். கோபத்தோடுதான் போனேன், உன் பேச்சைக் கேட்டு இல்லை. நீ சொல்வது தப்பு என்று காட்ட வேண்டும் என்றுதான் போனேன். ஒன்றாம் நம்பரும் மூன்றாம் நம்பரும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. நான்காம் நம்பர் மெஷினை ஆறவைத்து ஸ்க்ரூவைக் கழற்றினேன். கட்டை இரண்டு துண்டாக என் உள்ளங்கைக்கு வந்தது. ஸ்க்ரூதான் அதுவரை அதைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த மெஷினில் நிற்பவன் ஒரு நேபாளப் பையன். "என்ன சார், ரிப்பேரா?" என்று கேட்டான்.  அங்கேயே பொட்டலப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறமும் இரண்டு நாள் சொல்லாமல்தான் இருந்தேன். மெஷினை நிறுத்தியதற்கு மட்டும் ஏதோ சப்பைக்கட்டு கட்டினேன். கம்பெனிக்கு உன் மெயில் வந்த அன்று மேனேஜர் கூப்பிட்டு, இந்தப் பெண் உன் தங்கையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆவியால் கழுவுவது அவளுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். உனக்குத் தெரியுமே என்றார். அதற்கு மேல் பூசி மெழுக ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மேடையில் எனக்கு ஷீல்டு கொடுத்த போட்டோ அவர் ரூமுக்கு வெளியே சுவரில்தான் தொங்குகிறது. போகும்போது பார்த்தேன். வரும்போது பார்க்கவில்லை.

ரிப்போர்ட்டில் மாறன்மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டார்கள். வைத்தியச் செலவும் நஷ்டஈடும் கம்பெனி கொடுக்கும். மோதிர விரல் மடங்குகிறது. நடுவிரல் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் போய் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நடந்ததைச் சொன்னேன். அவன், "அண்ணே, ஆவியடிச்ச மறுநிமிசம் அந்தக் கட்ட சடசடன்னு சத்தம் போடுறத நான் ஒங்ககிட்ட ரெண்டு தடவ சொன்னேன். ஞாபகம் இருக்கா?" என்றான். எனக்கு ஞாபகம் இருந்தது. புதுக் கட்டை சத்தம் போடத்தான் செய்யும் என்று அவனை அனுப்பிவிட்டேன். "நீங்களா சொல்றீங்களான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றான். அப்புறம் ஆரஞ்சு உரித்துத் தரச் சொன்னான். உரித்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். மெஷின் செய்த கம்பெனியில் கட்டை கேட்டால் மூன்று மாதம் ஆகும் என்கிறார்கள். "உன் தங்கைதான் எங்களுக்கு உண்மையை எழுதியவள். அவளிடமே கேள். ஆனால் இந்தத் தடவை அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுக் கேள்" என்றார். சொன்னவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அதனால் வாடிக்கைக்காரனாக எழுதுகிறேன். சூடு 220, சில நாள் 230 வரை போகும். ஒரு ஷிஃப்டுக்கு எட்டு மணி நேரம், நடுவில் சாப்பாட்டுக்கு மட்டும் ஆறும். ஷிஃப்ட் முடிந்ததும் காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரும் ஆவியும் அடித்துக் கழுவுகிறோம். கழுவிய பின் ஆறவிட்டு உலர்த்தித்தான் சூடேற்ற வேண்டும் என்று இப்போது போர்டு எழுதி மாட்டியிருக்கிறோம், ஆனாலும் அவசரத்தில் மறப்பார்கள் என்று வைத்துக்கொண்டே செய். நீ சொன்ன பீக் நெகிழும் என்று பயந்தாயே, கண்ணாடி இழை கலந்த பீக் கிடைத்தால் விறைப்பாக நிற்குமா என்று பார். தடிமன் கூட்ட இடம் இருக்கிறது, அளவு எடுத்து அனுப்பியிருக்கிறேன். கடைந்த பிறகு ஓவனில் வைத்து மெல்ல ஆறவிட்டு அனுப்பு. இன்னொன்று: கட்டை உடைந்தாலும் பட்டை விழாதபடி அடியில் ஒரு ஸ்டீல் கொக்கி வேண்டும். பிளாஸ்டிக்கை மட்டும் நம்பி யார் கையையும் இனி வைக்க வேண்டாம்.

ஷெட்டை லாட்ஜுக்குக் கொடு என்று இனி சொல்ல மாட்டேன். மீரான் காக்கா திரும்பி வரும்போது அந்தக் கொப்புளித்த துண்டைக் கொடுத்துவிடு. எனக்கு வேண்டும்.

பக்கத்தில் யார் நிற்பார்கள் என்ற உன் கடைசிக் கேள்வி பாக்கி இருக்கிறது. இன்ஜினியர் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். ஊருக்குப் போகிறாயா, இல்லை ஒப்பந்தம் முடிகிற வரை லைனில் ஆபரேட்டராக நிற்கிறாயா என்று கேட்டார்கள். நிற்கிறேன் என்றேன். மாறனின் இரண்டாம் நம்பர் மெஷின், காலை ஷிஃப்ட். உன் கட்டை வந்ததும் பொட்டலத்தை என் வலது கையால்தான் எடுப்பேன்.

உன் நானா,
சஃபியுல்லா